யாருது இந்தப் பை

பை முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டி மேல் இருந்தது, கோபிகா பின்னால் கடைசிக்கு முந்தின சீட்டில் இருந்தாள், நடுவில் ஒன்பது சீட்டு. ஒன்பது சீட்டு போதும். மாட்டினால் அது யாருடைய பையோ. மாட்டவில்லை என்றால் தன் ஊர் வரும்போது முன்னால் நடந்து போய்த் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கிவிடலாம். இதையெல்லாம் அவள் சந்தையில் கருவாட்டுக்காரியின் சாக்குக்கு முன்னால் குந்தியிருக்கும்போதே யோசித்து முடித்துவிட்டாள். ஜவுளிக்கடைக் கட்டைப்பை, அதில் அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு, கருவாட்டுக்கு அடியில் பாலிதீனில் இறுக்கிச் சுற்றின கஞ்சா இலை, ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடிதான். மூன்று வாரத்துக்கு அம்மா வாயைத் திறந்து எதையாவது தின்பதற்கும், தின்றதை வயிற்றில் வைத்துக்கொள்வதற்கும், கத்தாமல் கிடப்பதற்கும் அது போதும். மற்றவர்கள் கருவாட்டைப் பஸ்ஸில் கொண்டுபோவது என்றால் மூடிபோட்ட தூக்குவாளியில் வைத்து, அதற்கு மேல் துணி கட்டி, கண்டக்டர் கண்ணில் படாமல் காலுக்கடியில் தள்ளிக்கொள்வார்கள். கோபிகா வேண்டுமென்றே வெறும் பேப்பரில் சுற்றினாள். நாறட்டும். நாறினால்தான் நல்லது. செக்போஸ்டில் நாயே வந்து மோந்தாலும் நெத்திலியைத்தான் மோக்கும். பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவளுக்கு இவ்வளவு மூளையா என்று தன்னையே ஒரு தடவை மெச்சிக்கொண்டாள். பஞ்சர் கடை சோலை இலையைக் கொடுக்கும்போது, "யாருக்கு பாப்பா?" என்றான். "எங்கம்மாவுக்கு, கேன்சர்." அவன் சிரித்தான். "போன வாரம் ஒருத்தன் அவங்கப்பாவுக்குன்னான். அதுக்கு முந்தி ஒருத்தன் அவங்க சித்தப்பாவுக்கு மூலம்னான். பெரியாஸ்பத்திரியில இருக்கிறத விட எங்கிட்ட நோயாளி ஜாஸ்தி, தெரியுமா?" ட்யூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே சொன்னான், அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டலாமா என்று அவள் கை இடுப்பில் செருகியிருந்த கவருக்குப் போனது. பஞ்சர் கடைக்காரனிடம் எதற்கு ரிப்போர்ட் காட்டவேண்டும்? ஆனால் கை போனது. எட்டு மாதமாக எவனைப் பார்த்தாலும் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டிப் பழகிப்போன கை.

அரிசி மில் முன்னால் முதல் வேகத்தடை. பஸ் ஏறி இறங்கியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய உடம்புக்காரி மடியிலிருந்த வாழைப்பழச் சீப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். சந்தைக்கும் ஊருக்கும் நடுவில் பதினொரு வேகத்தடை. கோபிகாவுக்கு மனப்பாடம். அரிசி மில், பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்து அந்தப்பக்கம், பெட்ரோல் பங்க், மாதா கோயில், அப்புறம் செக்போஸ்டுக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. அம்மாவை ஷேர் ஆட்டோவில் மெத்தை போட்டுப் படுக்கவைத்துக் கூட்டிப்போன அன்றைக்கு எண்ண ஆரம்பித்தது. அன்றைக்கு இரண்டு வரைக்கும்தான் எண்ண முடிந்தது. இரண்டாவதில் அம்மா கோபிகாவின் முன்னங்கையைக் கடித்தாள். கத்தக்கூடாது என்று கடித்தாளாம், ஆட்டோக்காரர் பயந்துவிடுவார் என்று. பல் பதிந்த இடம் இன்னும் கருப்பாக இருக்கிறது. ஆட்டோ வீட்டுக்கே திரும்பியது. எங்கே கிளம்பினார்கள் அன்றைக்கு? மருத்துவரிடம்தான். டவுனில் ஒரு மருத்துவர் இதே இலையில் காய்ச்சின எண்ணெயை, சீல் வைத்து, ரசீது போட்டு, போலீஸே வந்தாலும் நிமிர்ந்து காட்டுகிற மாதிரி தருகிறார் என்று கேள்விப்பட்டு கோபிகா முதலில் தனியாகப் போய் விசாரித்தாள். நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ரிப்போர்ட்டை ஒரு பக்கம் விடாமல் படித்தார், தலையை ஆட்டினார். "நோயாளி நேர்ல வரணும்மா. பாக்காம எழுதினா என் லைசென்ஸ் போயிடும்." படுத்த படுக்கை சார், என்றாள். "புரியுது." போன்ல வீடியோவில காட்டுறேன் சார். "அதுக்கு இதுல வழி இல்லம்மா." வலி இல்லாம இருந்தா கூட்டிட்டு வந்துருவேன் சார். "வலி இல்லன்னா இந்த மருந்து எதுக்கும்மா?" அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் கோபிகாவுக்குத் தாங்கவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வந்திருப்பாள். வலி போக மருந்து வேண்டும், மருந்து வேண்டுமென்றால் வரவேண்டும், வரவேண்டுமென்றால் வலி போகவேண்டும். பஸ் சக்கரம் மாதிரி அதுவே சுற்றிச் சுற்றி வந்தது. பெரியாஸ்பத்திரியிலோ வலி மாத்திரைக்கு வரிசையில் நின்றால், ஜன்னலுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்க்காமல், "இருப்பு இல்ல, செவ்வாக்கிழம வந்து பாரு" என்பார். எந்தச் செவ்வாய் என்று மட்டும் அவர் சொன்னதே இல்லை.

பள்ளிக்கூடத்து வேகத்தடை. அவள் படித்த பள்ளிக்கூடம். மதில் சுவரில் மண்டையோடு, மண்டையோட்டு வாயில் சிகரெட்டு, சுற்றிலும் பச்சைப் பெயிண்டில் ஏழு விரல் இலை. அதை வரைந்தது கோபிகா. பத்தாவதில் போதை ஒழிப்பு ஓவியப் போட்டி, முதல் பரிசு, அதையே பெரிதாகச் சுவரிலும் வரையச் சொன்னார்கள். மைக்கில் உறுதிமொழி வாசித்ததும் அவள்தான். அறுநூறு பேர் கையை நீட்டிக்கொண்டு அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். பரிசு ஒரு எவர்சில்வர் கிண்ணம், அடியில் அவள் பேர் வெட்டியது. இப்போது அந்தக் கிண்ணத்தில்தான் இலையை நெய்யில் வதக்குகிறாள். வேறு கிண்ணம் இல்லாமல் இல்லை, இதுதான் அளவாக இருக்கிறது. முதல் தடவை பொட்டலத்தைப் பிரித்தபோது ஏமாற்றமாக இருந்தது, ஏழு விரலும் இல்லை ஒன்றும் இல்லை, காய்ந்து நொறுங்கின முருங்கைக்கீரை மாதிரி ஏதோ கிடந்தது. இதற்கா மண்டையோடு? சொல்லிக்கொடுத்தது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி. "நெய்யில வதக்கி, வடிகட்டி, பால்ல கலந்து, ஒரு துண்டு கருப்பட்டி போட்டுக் குடு. ஒரு டீஸ்பூன். ஒண்ணே ஒண்ணு. ஊர்ல பேசுறவளுக்கெல்லாம் வலி வரலேன்னு அர்த்தம். போலீஸ்காரன் பொண்டாட்டியா இருந்தாலும் வலி வந்தா குடிப்பா." அவள் அடுத்த வாரம் செத்துப்போனாள், ஆனால் கத்தாமல் செத்தாள், அது வார்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மா பாலைக் குடித்துவிட்டு ஒரு மணிநேரம் ஒன்றும் இல்லாமல் கிடந்தாள். அப்புறம் மேலே பார்த்துக்கொண்டே, "ஏ கோபி, இந்த ஃபேனப் பாரேன்" என்றாள். என்னம்மா? "எங்க மில்லு சூப்ரவைசர் மாதிரியே இருக்கு. சுத்திக்கிட்டே இருக்கு, ஒரு காத்தும் வரல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பேச்சியம்மாள், நூல் மில்லில் பதினாறு வருஷம் நின்றே வேலைபார்த்தவள், அஞ்சு மாதமாகச் சிரிக்காதவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றரை இட்லி தின்றாள். தூங்கினாள். கோபிகாவும் தூங்கினாள், வாயில் எச்சில் வடிய, செத்த மாடு மாதிரி. உண்மையைச் சொன்னால் இட்லியைவிட அந்தத் தூக்கம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதை எவரிடமும் சொல்ல முடியாது. அதற்கு முந்தின வாரம் பட்டப்பகலில், மூன்றாவது நாளாகத் தொடர்ந்து கத்திக்கொண்டிருந்த அம்மாவைத் தொடையில் கிள்ளினாளே, அதைச் சொல்ல முடியுமா? சும்மா இரும்மா, சும்மா இரும்மா, என்று சொல்லிச் சொல்லி, நறுக்கென்று ஒரு கிள்ளு. அம்மா டக்கென்று நிறுத்தினாள். வலியால் இல்லை, ஆச்சரியத்தால். இத்தனை பெரிய வலிக்கு நடுவில் அந்தச் சின்ன வலி எப்படித் தெரிந்தது அவளுக்கு? இலை தீர்ந்து நாலு நாள் ஆகிவிட்டது. காலையில் கிளம்பும்போது அம்மா, "வந்துருவேல்ல?" என்றாள். இலையைக் கேட்கவில்லை. வந்துருவேல்ல, அவ்வளவுதான்.

"எவம்மா அது, கருவாடு?" கண்டக்டர் முன்வாசல் பக்கமிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். ஒல்லி, கழுத்தில் விசில் கயிறு, காலையிலிருந்தே யாரிடமோ கோபம். "யாருது இந்தப் பை?" கோபிகா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பெட்ரோல் பங்க். ஒரு ஆள் பைக்கின் டேங்கை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறான். "ஏய், உங்களத்தான். டிக்கெட்டும் ஓசி, இதுல கருவாடு வேறயா? இது பஸ்ஸா, மீன் வண்டியா? டிரைவர் வாந்தி எடுக்கப்போறாரு." டிரைவர் திரும்பாமலே, "நான் எடுக்க மாட்டேன், எங்க வீட்டுல தெனமும் இதான்" என்றார், முன்சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "ரெண்டாந்தடவ கேக்குறேன். யாருது இந்தப் பை?" வெற்றிலை போட்ட ஒரு பெரியவர் நடுவிலிருந்து ஏலக்காரன் குரலில், "நெத்திலிக் கருவாடு ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்தார். இன்னும் சிரிப்பு. இப்போது சொல்லிவிடலாம். எழுந்து, என்னுதுதாண்ணே, மன்னிச்சுக்குங்க, என்று அசடு வழிந்து முன்னால் போய்ப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் நாலு வசவோடு போயிற்று. அதற்குத்தானே கருவாடு, கருவாடுதானே தெரிகிறது. ஆனால் இன்னும் மூன்று நிமிஷத்தில் செக்போஸ்ட். மடியில் இருந்தால் அவளுடைய பை. அவளுடைய பை என்று பஸ்ஸே பார்த்திருக்கும். இந்த வாரம் ஏறி ஏறிப் பார்க்கிறார்கள், முந்தாநாள் ஒரு கல்லூரிப் பையனைக் காலரைப் பிடித்து இறக்கினார்கள், அவன் செருப்பு ஒன்று பஸ்ஸிலேயே கிடந்தது, கடைசி ஸ்டாப் வரைக்கும் அந்தச் செருப்பு அங்கேயும் இங்கேயும் வழுக்கிக்கொண்டே வந்தது. அவள் உள்ளே போய்விட்டால் அம்மாவுக்கு யார் பீத்துணி மாற்றுவார்கள்? பக்கத்து வீட்டு பூங்கோதை அத்தை ஒரு பகல் பார்ப்பாள், ரெண்டு பகல் பார்ப்பாள். அம்மாவுக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை. இல்லை. பயம். அம்மாவுக்காக என்பது பயத்துக்குப் போட்ட சட்டை. ரெண்டும்தான் என்று வைத்துக்கொள்வோம், இப்போது எதற்கு அந்தக் கணக்கு, சொல்லு, எழுந்து சொல்லு. பக்கத்திலிருந்த பெரிய உடம்புக்காரி மெதுவாகக் குனிந்து, "உன் கையி நாறுதே தாயி?" என்றாள். "காலையில எங்க வீட்டுல ஆக்குனது." "ம்" என்றாள் அவள். அந்த ம் நீளமாக இருந்தது. "மூணு தரம்!" என்றார் பெரியவர். கண்டக்டர், "அப்ப யாருதும் இல்ல. எல்லாரும் சாட்சி" என்று பையின் காதைப் பிடித்துத் தூக்கினார். வெளியே எறிந்துவிடுவாரோ? எறியட்டும், மாதா கோயிலுக்கும் செக்போஸ்டுக்கும் நடுவில் எங்கேயாவது முள்ளுக்குள் எறியட்டும், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து போய்ப் பொறுக்கிக்கொள்வாள். எறி. எறிடா. அவர் எறியவில்லை. பையைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

ஆறு. ஏழு. எட்டு. பஸ் நின்றது. தகரக் கொட்டகைக்கு அடியில் பிளாஸ்டிக் சேரில் ஏட்டையா உட்கார்ந்திருந்தார், தொப்பி முழங்கால் மேல், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. நாய் எதுவும் இல்லை. அன்றைக்கு நாயே இல்லை. இளைய போலீஸ்காரர் ஒருவர் லத்தியோடு பஸ்ஸைப் பார்த்து வந்தார். கண்டக்டர் அவருக்கு முந்தி இறங்கினார், கையில் பை. "ஏட்டையா, சோத்துக்கு வெஞ்சனம் வேணுமா?" "என்னய்யா அது?" "நெத்திலி. அநாதையாக் கெடக்கு. மூணு தரம் கேட்டுட்டேன், ஒருத்தியும் வாயத் தெறக்கல. எடுத்துக்குங்க." ஏட்டையா பையை வாங்கினார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கோபிகாவின் காதில் சத்தம் எல்லாம் அடைத்துக்கொண்டது, மூச்சு மட்டும் கேட்டது, அவளுடையதா அவருடையதா தெரியவில்லை. மோந்தார். நிதானமாக, மல்லிகைப்பூவை மோப்பது மாதிரி, கண்ணை மூடி. "நல்லாக் காஞ்ச நெத்திலிய்யா. தண்ணி கோக்கல. விவரமானவதான் வாங்கியிருக்கா, பாவம், மறந்துட்டுப் போயிட்டா போல." விவரமானவ. ஏட்டையாவே சொல்லிவிட்டார். இப்பவும் முடியும். ஐயா அது என்னுது. மூன்று வார்த்தை. சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார், அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் மனுஷன். இல்லை, இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்பார். ஏன் சொல்லவில்லை? கூச்சமாக இருந்துச்சுங்கய்யா. கருவாட்டுக்குக் கூச்சமா, கொண்டா பார்ப்போம் என்று பேப்பரைப் பிரிப்பார். பிரிக்காமலும் கொடுக்கலாம். பிரிப்பார். பிரிக்க மாட்டார். வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. ஏட்டையா எழுந்துபோய்ப் பையைத் தன் பைக் ஹாண்டிலில் மாட்டினார், அது ரெண்டு தடவை ஆடி நின்றது. இளைய போலீஸ்காரர், "ஏறிப் பாத்துரவா சார்?" என்றார். "எதுக்குப்பா இந்த வெயில்ல. டவுன் பஸ்ஸு, பூராம் பொம்பளையாளு. போகச்சொல்லு." விசில். பஸ் நகர்ந்தது. ஏறவே இல்லை. ஒருத்தர்கூட ஏறவில்லை, ஒரு பையைக்கூடத் திறக்கவில்லை. மடியில் வைத்திருந்தால் மடியோடு வந்திருக்கும். தலையில் வைத்திருந்தாலும் வந்திருக்கும். நெத்திலியே இல்லாமல் வெறும் கையில் இலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இந்நேரம் ஒன்பதாவது வேகத்தடை தாண்டியிருக்கும். தாண்டியது. வாழைப்பழச் சீப்பு ஒரு தடவை எகிறி விழுந்தது.

மூன்று மணிக்கு ஏட்டையாவுக்கு டியூட்டி முடியும், வீட்டுக்குப் போவார், அவர் பெண்சாதி கழுவுவதற்குப் பேப்பரைப் பிரிப்பாள், நெத்திலியை முறத்தில் கொட்டுவாள், பாலிதீன் விழும். அப்புறம்? கண்டக்டரைக் கேட்பார்கள். எந்த ஸ்டாப், எவ ஏத்தினா, எத்தனை மணி. கண்டக்டர் யோசிப்பார். இல்லை, அந்த அம்மா பேசாமல் எடுத்து அடுப்பில் போட்டுவிடுவாள். இல்லை, அந்த வீட்டிலும் உள்ளறையில் யாராவது கிடந்தால், பக்கத்துக் கட்டில்காரி சொன்ன மாதிரி அவளுக்கும் அளவு தெரிந்திருந்தால்? கோபிகாவுக்கு அந்த முகம் தெரியாத ஆள் மேல் பொறாமை வந்தது. கொழுந்துவிட்டு வந்தது. அந்த ஆள் கத்தட்டும் என்று நினைத்தாள். தெரு பூராவும் கேட்கிற மாதிரி கத்திக் கத்திச் சாகட்டும். போன் அடித்தது. பூங்கோதை அத்தை. பின்னால் அந்தச் சத்தம், மாடு கன்று போடும்போது போடுகிற மாதிரி, விட்டு விட்டு. "எங்கடி இருக்க? உங்கம்மா கேட்டுக்கிட்டே கெடக்கா. வந்துட்டான்னு சொல்லட்டுமா?" "பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன் அத்தே." "கெடச்சிருச்சா?" பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அத்தை எப்போதும் கத்தித்தான் பேசுவாள். "ம்" என்றாள் கோபிகா. ஏன் சொன்னாள்? "அப்பாடி. அப்ப பாலக் காய்ச்சி வச்சுரவா?" எவர்சில்வர் கிண்ணம் மேடைமேல் கவிழ்த்து வைத்திருக்கும், அடியில் அவள் பேர் தெரிய. "காய்ச்சி வைங்க" என்றாள். "பேச்சி, இந்தா வந்துட்டா உம் மக, வாங்கிட்டா" என்று அத்தை திரும்பிச் சொன்னது கேட்டது, சொன்னதும் அந்தச் சத்தம் நின்றது. வெறும் வார்த்தைக்கே நின்றது. போன் கட்டாகும் வரைக்கும் அம்மா கத்தவில்லை.

கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வந்துகொண்டிருந்தது, துடைக்கக் கையைத் தூக்கினால் கை நாறியது. விரலை மூக்கில் வைத்துப் பார்த்தாள், இலை வாசம் கொஞ்சமாவது இருக்கிறதா என்று, அவள்தானே சுற்றினாள், அவள் விரல்தானே அதை அமுக்கினது. நெத்திலி. நகக்கண்ணில்கூட நெத்திலிதான். பெரிய உடம்புக்காரி ரொம்ப நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து நீட்டினாள். "இந்தா, தின்னு. கருவாட்டுக்குப் போயி யாராச்சும் இப்பிடி அழுவாங்களா? என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடுத்துட்டுப் போறான். வாயி இல்ல உனக்கு?" கோபிகா பழத்தை வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. பதினொன்று. பஸ் நின்றது, இனி முன்னால் நடந்து போய் எடுக்க ஒன்றும் இல்லை, பின்வாசல் பக்கத்திலேயே இருந்தது. கண்டக்டர் கோபமெல்லாம் போய், இப்போது நல்ல மனுஷனாக, படிக்கட்டில் நின்று இறங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாத்து எறங்கும்மா. பை கிய்யி எதையும் வச்சுட்டுப் போயிடாத, அப்பறம் தேடுனாக் கெடைக்காது."

"எங்கிட்டப் பையே இல்லண்ணே" என்றாள் கோபிகா.